எலுமிச்சம்பழத்தோடு பஸ் ஏறியவள்

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் தெருவில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே சில காபிக் கோப்பைகள், ஒரு மேசை விளக்கு, கைப்பிடி ஆடும் வாணலி, பின்னல் நூல் உருண்டைகள். மேலே ஒட்டியிருந்த தாளில் 'வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதியிருந்தது. ஜெர்மனியில் இது சாதாரண வழக்கம். நம் ஊரில் பழைய சாமானைப் போட்டால் பேரீச்சம்பழமாவது கிடைக்கும். இங்கே வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அந்தப் பெட்டியைத் தாண்ட முடியாமல் நின்றேன். பஸ் போய்விட்டது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எதிர்வீட்டுப் பெண்மணி இப்படித்தான் தினமும் ஒன்றாக வெளியே வைத்துக்கொண்டிருந்தார். முதலில் புத்தகங்கள், பிறகு பூந்தொட்டி, பிறகு முகம் பார்க்கும் கண்ணாடி. கடைசியில் நல்ல நாற்காலி ஒன்று வெளியே வந்ததும், இவர் சாகத் துணிந்துவிட்டார் என்றே முடிவு செய்தேன். கேக் வாங்கிக்கொண்டு போய் மணி அடித்தேன். 'நலமாக இருக்கிறீர்களா' என்று கேட்க நினைத்தேன். என் அரைகுறை ஜெர்மனில் அது 'நீங்கள் கட்டாயம் உயிரோடு இருக்க வேண்டும்' என்று வந்துவிட்டது. அந்தம்மா ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். காதலரோடு குடிபோகிறாராம். அவரிடம் இதைவிட நல்ல நாற்காலிகள் இருக்கின்றனவாம். கேக்கில் பாதியைத் தின்றுவிட்டு நாற்காலியை எனக்கே கொடுத்தார். இதை அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் வால்பாறையில் ஒரு தாய் தன் மகனை மாலையும் கழுத்துமாகக் கண்ணால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

2

எனக்குப் பிடித்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. தப்புச் செய்தவன் நான், அவர் பாவம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், அதிகம் எழுதியவரும் இல்லை. அவருடைய புத்தகங்கள் மொத்தமும் என் படுக்கைக்கு அருகில் ஒரு கை அகலத்துக்குள் அடங்கிவிடும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அன்னூர்ப் பக்கம் தோட்டங்காடுகளில் கூலிக்குப் போனவர்கள். அப்பாவுக்குக் கணபதியில் ஒரு பவுண்டரியில் வேலை கிடைத்த பிறகுதான் ஊரை விட்டு டவுனுக்கு வந்தோம். எங்களைப் போன்றவர்களை நான் புத்தகத்தில் பார்த்ததே இல்லை. பள்ளிப் பாடத்தில் வந்தாலும் கையில் மண்வெட்டியோடு ஒரு படமாக வருவார்கள், வாய் திறந்து பேச மாட்டார்கள். நான் கல்லூரியில் படித்தபோது என் கூடப்பிறந்த எஸ்தரக்கா உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த நாவல் ஒன்றை வாங்கி வந்தாள். அதில் எங்கள் அம்மா பேசுவது போலவே ஒருத்தி பேசினாள். எங்கள் சண்டை, எங்கள் சாப்பாடு, எங்கள் கிண்டல் எல்லாம் அச்சில் இருந்தன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாவலில் வருபவள் பெயர் மாராத்தா. கடைசி அத்தியாயத்தில் அவள் தன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறாள். ஆட்டுக்கல் ஒருத்திக்கு, கட்டில் ஒருத்திக்கு, குண்டா ஒருத்திக்கு. கடைசியில் தன் சேவலை, காலமெல்லாம் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுக்கிறாள். பிறகு வால்பாறை பஸ்ஸில் ஏறிச் சன்னலோரம் உட்காருகிறாள். அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. பஸ் மலையடிவாரத்து அணையை நெருங்குகிறது. அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது.

எத்தனை தடவை படித்தாலும் நான் அழுவேன். மாராத்தா அணையில் விழப் போகிறாள், அதனால்தான் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள், பகையாளியோடுகூடக் கணக்குத் தீர்த்துக்கொண்டாள் என்று எனக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. எலுமிச்சம்பழம் காவு கொடுக்கிற பழம், அவளே தன்னைக் காவு கொடுக்கப் போகிறாள். இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் அந்தப் பழத்தைப் பற்றியே தனியாக ஒரு உரை ஆற்றியிருக்கிறேன். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெளிநாட்டில் இருப்பவனுக்குப் புத்தகம் என்பது புத்தகம் மட்டும் இல்லை. ஊர் தூரமாகப் போகப் போக, ஊர் இருக்கிற இடம் அந்தப் பக்கங்கள்தான் என்று ஆகிவிடுகிறது. ரயிலில் எதிரே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஜெர்மன்காரர் என் எழுத்தாளரின் கதையில் மில் கேட் பக்கம் நிற்கும் வாட்ச்மேனாகத் தெரிவார். ஆபீசில் யாராவது 'பரவாயில்லை' என்றால், அதற்கு அடியில் ஏதோ பெரிய துக்கம் கிடக்கிறது என்று நான் பாட்டுக்கு இரண்டு நாள் உருகிக்கொண்டிருப்பேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றே நினைத்திருந்தேன்.

3

எஸ்தரக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கணபதியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் வேலை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அவள்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் நான் என்று இருபது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியை விமானத்தில் கொண்டுவந்து, இங்கே நல்ல இடம் பார்த்து வைத்து, அவ்வப்போது எடுத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

போன வருடக் கடைசியில் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். மாப்பிள்ளை செல்வராஜ், வால்பாறைக்காரர், பஸ் டிரைவர். மனைவியை இழந்தவர். அவருடைய அம்மா பாக்கியத்தம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியே வயதானவர், இப்போது மூச்சுத் திணறலோடு படுக்கையில் இருக்கிறார். மலையை விட்டு இறங்க முடியாது. கணபதி சர்ச்சில் கல்யாணத்தை முடித்து, மாலையைக் கழற்றாமல் அப்படியே மேலே போய் அந்தம்மா முன்னால் நிற்பதாக ஏற்பாடு. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்தம்மாவுக்கு அவ்வளவு நாள் இருக்குமா தெரியாது. அதனால் அவசரமாகத் தேதி குறித்தார்கள்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தனிக்கட்டையாக இருந்தவள் எதற்காகத் திடீரென்று மலை மேலே போய் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? யாரோ நிர்ப்பந்திக்கிறார்கள் என்று தோன்றியது. சந்தோஷம்தானா என்று வீடியோவில் கேட்டேன். ஆகட்டும் கண்ணு, எல்லாம் ஆண்டவர் சித்தம் என்றாள். அவள் காலிங்பெல் ரிப்பேருக்கும் ஆண்டவர் சித்தம் என்பவள்தான். ஆனால் எனக்கு அன்றைக்கு அது நினைவு வரவில்லை.

பிறகு அவளுக்குப் பின்னால் வீடு காலியாகத் தொடங்கியது. ஒரு நாள் தையல் மெஷின் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. சர்ச்சில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். அடுத்த தடவை கட்டில் இல்லை. அதற்கடுத்த தடவை கிரைண்டர் கீழ்வீட்டம்மாவிடம் போய்விட்டது. தண்ணி மோட்டார் போடுவதில் அக்காவோடு காலங்காலமாகச் சண்டை போட்ட அதே கீழ்வீட்டம்மா! மாராத்தாவின் சேவல் வேறெங்கு போகும்?

அந்த வாரம் அவள் வால்பாறை போய் பாக்கியத்தம்மாவைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு பேசினாள். களைத்திருந்தாள். பேசிக்கொண்டே கையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம்.

4

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாரும் இன்னாரும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் ஆராதனையில் அறிவிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்போம். யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை. சின்ன வயதில் யாராவது எழுந்து சொல்ல மாட்டார்களா என்று ஆசையாக இருக்கும்.

முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவதற்கு முந்தின நாள் நான் ஐயருக்குப் போன் செய்தேன்.

அக்காவிடமே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை என்று சொல்ல மாட்டேன், தோன்றியது. ஆனால் என் எழுத்தாளரின் கதைகளில் யாரும் யாரிடமும் நேராகக் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் வராது, ஒரு தண்ணீர்ச் சொம்புதான் வரும். அக்காவும் அப்படித்தான் 'ஒண்ணுமில்ல கண்ணு' என்று மூடிவிடுவாள், அவள் மனதை வெளியே இருந்துதான் படிக்க வேண்டும், அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். ஐயரிடம் பக்குவமாகத்தான் பேசினேன். அக்காவின் மனது இதில் முழுதாக இல்லையோ என்று பயமாக இருக்கிறது, கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள் என்றேன். ஐயர் பயந்த சுபாவம். கூடப்பிறந்தவனே சொல்லும்போது நான் எப்படிங்க வாசிக்கறது, விசாரிக்காம வாசிச்சா ஆண்டவருக்குப் பதில் சொல்லணுமே என்றார்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு ஆராதனையின் பதிவை யூடியூபில் போட்டுப் பார்த்தேன். அக்கா பெண்கள் பக்கம் முன்வரிசையில் இருந்தாள். முதுகுதான் தெரிந்தது. புதுச்சேலை, தலை நிறைய மல்லிகை. ஆண்கள் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர்தான் செல்வராஜ் என்று ஊகித்தேன். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்க வேண்டும். அறிவிப்புகள் வந்தன. வாலிபர் கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், சுகவீனருக்கான செபம். பிறகு ஐயர் புத்தகத்தை மூடிவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார். அக்காவின் தலை மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து பிறகு குனிந்தது. வரிசை வரிசையாக மற்ற தலைகள் அவள் பக்கம் திரும்பின.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்தக் கணத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாராத்தாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

5

இரண்டு நாள் அக்காவிடமிருந்து அழைப்பே இல்லை. மூன்றாம் நாள் வந்தது. முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும்தான்.

"ஏன் கண்ணு, ஐயருக்குப் போன் போட்டது நீதானா?"

ஆமாம் என்றேன். எனக்குத் தயாராக ஒரு பேச்சு இருந்தது. உனக்கு நான் இருக்கிறேன், யாருக்காகவும் நீ உன்னைக் கொடுத்துவிட வேண்டாம், எனக்காகக் கொடுத்தது போதும் என்று ஆரம்பித்தேன். தையல் மெஷின், கட்டில், கிரைண்டர் என்று வரிசையாகச் சொல்லி, எலுமிச்சம்பழத்துக்கு வந்து, மாராத்தாவில் முடித்தேன்.

"எந்த மாராத்தா? நான் வாங்கிட்டு வந்தனே, அந்தப் பொஸ்தகத்துலயா?"

ஆமாம் என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"டேய், மலை ஏறறவங்க எலுமிச்சம்பழம் வெச்சிருக்கறது வாந்தி வராம இருக்கறதுக்குடா. வளைவுல கொமட்டுனா மோந்து பாக்கறதுக்கு. அணையில உழுகப் போறவளுக்கு அது எதுக்கு? அவ மேல போறா. ஆளப் பாக்கப் போறா. அந்தக் கங்காணி மகன் மேலதான இருக்கறான், நடுவுல ஒருக்கா வருதே, நீ படிக்கலியா?"

படித்திருந்தேன். கண்டுகொள்ளவில்லை. அப்படியானால் சேவல் என்றேன்.

"பகையாளி நிம்மதியாத் தூங்கப்படாதுன்னு குடுத்தா. நான் அந்த எடத்துல தனியா உக்காந்து சிரிச்சேன். நீ அழுதிருக்கறே. என்ற கிரைண்டரும் அதேதான், அது போடற சத்தத்துக்குத் தெருவே எந்திரிச்சுக்கும். அவரு ஊட்டுல எல்லாம் இருக்குது, இதையுந் தூக்கீட்டு மலை ஏறுவனா?"

இருபது வருடம் ஒரு புத்தகத்தை மனப்பாடமாகப் படித்திருக்கிறேன். அதை வாங்கிக் கொடுத்தவளுக்கு அது தமாசுக் கதை. யோசித்துப் பார்த்தால் கல்லூரியில் நானும் அந்தச் சேவலுக்குச் சிரித்த ஞாபகம் மங்கலாக இருக்கிறது. அழுகை இங்கே வந்த பிறகுதான் ஆரம்பித்திருக்க வேண்டும். ஊரை விட்டு வந்த துக்கத்தை அந்தப் புத்தகத்தின் மேல் ஊற்றி, அது எழுத்தாளர் எழுதிய துக்கம் என்று நினைத்திருக்கிறேன்.

எனக்காகத்தானே நீ கல்யாணமே செய்யவில்லை என்று கேட்டேன். அதுவாவது மிஞ்சும் என்று நினைத்தேன் போல.

"அப்படின்னு யாரு சொன்னா? வந்தவங்கள எனக்குப் புடிக்கல. எனக்குப் புடிச்சவங்க வரல. உன்னப் படிக்க வெக்கோணும்னு ஆசையா இருந்துச்சு, வெச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன இருக்குது? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துப்போட்டியே கண்ணு."

செல்வராஜ் பல்வலி என்று மலையிலிருந்து இறங்கி அக்காவின் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். வேர் சிகிச்சைக்குப் பல தடவை வர வேண்டியிருந்தது. பல் சரியான பிறகும் வந்திருக்கிறார். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். போனை வைக்கும் முன்னால் அக்கா சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"புதுச்சீல கட்டீட்டு உக்காந்திருந்தேன். பேரு வாசிக்கல. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அவருக்கு வேற சம்சாரம் இருக்குதாமான்னு ஒருத்தி என்ற காதுபடவே கேட்டா. அத எந்தக் கதையில படிச்சே நீ?"

6

உடனே ஐயரை அழைத்தேன். அக்காவும் போய்ப் பேசினாள். ஆனால் ஓலை என்றால் தொடர்ந்து மூன்று ஞாயிறு, நடுவில் விட்டால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அதற்கு இடமே இல்லை, லெந்து வந்துவிட்டது. ஒரே ஒரு போன்; கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று ஆகிவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு இங்கே வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. வேலை மாறியதால் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது வரும் வரை அலுவலகத்தில் ஒரு தற்காலிகத் தாள் கொடுத்தார்கள். அதன் ஜெர்மன் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'புனைவுச் சான்றிதழ்'. அனுமதி இருப்பதாகப் பாவனை செய்துகொள்ளும் தாள். எனக்குக் கொடுத்த தாளோடு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது என்று அந்த அதிகாரி மூன்று விதமாக விளக்கினார். நான் ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டினேன். புரிந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று கடைசியில் அலுத்துக்கொண்டார். இங்கே எல்லோருக்கும் என்மேல் இந்தக் குறை உண்டு.

என் மகள் ஜெனிக்குப் பதினாறு வயது. வீட்டில் அவள் பேசும் தமிழ் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது. என் எழுத்தாளரை அவள் படிக்க மாட்டாள் என்பது என் நீண்ட நாள் புலம்பல். விஷயத்தைக் கேள்விப்பட்டதும் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அத்தையக் கேட்டீங்களா, அப்பா?"

இல்லை என்றேன். நம் ஊரில் அப்படியெல்லாம் நேராகக் கேட்க மாட்டார்கள் என்று விளக்கப் போனேன். அவள் தன் போனை எடுத்து அத்தை அனுப்பிய குரல் செய்திகளை ஓட விட்டாள். மாதக்கணக்கில் இருந்தன. பல்வலிக்காரர் இன்றைக்கும் வந்தார், அவர் பஸ்ஸில் பாட்டுப் போடுவார், என்னை நினைத்து ஒரு பாட்டுப் போட்டாராம், வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதே என்று அக்காவின் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் குழைந்தது. ஜெனி கேட்டிருக்கிறாள்: அவரை உங்களுக்குப் பிடிக்குமா, பயமாக இருக்கிறதா, உங்கள் அறை அங்கே எப்படி இருக்கும்? தமிழ் சரியாக வராததால் எல்லாவற்றையும் நேராகத்தான் கேட்டிருக்கிறாள். அக்காவும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறாள். பிள்ளை என்னை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் அழுதுகொண்டிருந்த அத்தனை நாளும் அவள் என் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். கல்யாணம் தள்ளிப் போனால் அதற்குள் அட்டை வந்துவிடும், நீங்களும் போகலாம் என்று நினைத்தீர்களா? இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். இல்லை என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அட்டை வந்தது. அது வந்த வாரத்தில்தான் அக்கா அழைத்தாள்.

"அவங்கம்மா போயிருச்சு கண்ணு. கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்ச சீலயத்தான் கட்டி அடக்கம் பண்ணுனோம்."

நான் அழுதேன். அழாதடா, நீ அழுதா எனக்கு இப்பக் கோவந்தான் வருது என்றாள்.

7

ஈஸ்டர் முடிந்து ஓலையை முதலிலிருந்து வாசித்தார்கள். மூன்றாவது ஓலைக்கு நான் கணபதியில் இருந்தேன். ஆண்கள் பக்கம் செல்வராஜுக்கு அடுத்த இடத்தில் உட்காரச் சொன்னாள் அக்கா. ஐயர் பெயர்களை வாசித்துவிட்டு, யாருக்காவது தடை தெரிந்தால் என்று கேட்டு நிறுத்தியதும் சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஐயரும் பார்த்தார். அன்றைக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது கொஞ்சம் தெரிந்தது. கொஞ்சம்தான். எனக்கு யாரும் புதுச்சட்டை போட்டு மல்லிகை வைத்து உட்கார வைக்கவில்லையே.

கல்யாணம் சுருக்கமாக முடிந்தது. மறுநாள் அக்காவும் மாமாவும் நானும் வால்பாறை பஸ்ஸில் ஏறினோம். மாமா முன்னால் போய் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா பையைத் திறந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் வாயோரம் சிரிப்பு இருந்தது.

பஸ் அணையைத் தாண்டியது. நிற்காமல் தாண்டி மேலே ஏறியது. நான் எத்தனையோ தடவை படித்த கதை முடிகிற இடத்துக்கு அப்பாலும் ரோடு இருந்தது, வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. சில வளைவுகளிலேயே எனக்குக் குமட்டிவிட்டது. பழத்தை நகத்தால் கீறி முகர்ந்தேன். சொல்லி வைத்தாற்போல அடங்கியது. பொங்கல் விழாவில் கண்ணைத் துடைத்த அந்த இரண்டு பேரின் முகங்கள் நினைவுக்கு வந்தன.

வால்பாறையில் மாமா வீடு சின்னதுதான், சுத்தமாக இருந்தது. முன்னறையில் சன்னலை ஒட்டி ஒரு கட்டில், அதில் மடித்து வைத்த கம்பளி. அது யார் கட்டில் என்று நான் கேட்கவில்லை. அக்கா உள்ளே அவளுடைய புது அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். மாமா எனக்கு டீ கொண்டு வந்து வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. குளிருதுங்களா, கம்பளி வேணுங்களா என்று விருந்தாளியை விசாரிப்பது போலவே விசாரித்துக்கொண்டிருந்தார். அது எனக்குத் தாங்கவில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். நேராகக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து மேலே வந்ததும் அம்மா முதலில் கேட்டது, ஓலை வாசித்தார்களா என்பதுதான். வாசித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அடுத்த வாரம் மூன்றாவதும் ஆகிவிட்டது என்றாராம். பிறகு ஏன் கல்யாணம் நடக்கவில்லை என்று கேட்டபோது வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார், ஐயருக்குக் காய்ச்சல் என்று. அதற்குப் பிறகு அந்தம்மா ஒவ்வொரு நாளும் ஐயருக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். இன்னும் இல்லையம்மா என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"மூச்சு முட்டுறப்பக்கூட அந்தக் காச்சலுக்குத்தானுங்க செபம் பண்ணுச்சு. இல்லாத காச்சலுக்கு. தன் ஒடம்புக்குன்னு ஒரு நாளும் பண்ணுல." கட்டிலில் இருந்த கம்பளியை நேராக்கி வைத்தார். "செத்துப்போற அம்மாகிட்டப் பொய் சொல்லிப்போட்டேனுங்க மாப்ளே. நீங்க நெறையப் படிச்சவுங்க. அது தப்புங்களா?"

என் கையில் இன்னும் அந்தப் பழம் இருந்தது. இப்படி ஒரு இடம் என் எழுத்தாளரின் எந்தக் கதையில் வருகிறது என்று மனம் தன் பழக்கத்தில் தேட ஆரம்பித்தது. தேடாதே என்று அதை அதட்டினேன்.

"தப்பு என்னுதுங்க மாமா," என்றேன்.

"தெரியுங்க," என்றார் அவர். பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "டீ ஆறுது பாருங்க, குடிங்க."